வீட்டில் பாட்டு ரெக்கார்டிங்: லெவல் வைப்பதுதான் பாதி வேலை

அக்கா வீட்டிலேயே வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறார். பிள்ளைகள் கேட்டுப் பழகுவதற்காக ஒவ்வொரு பாடத்தையும் பாடிப் பதிந்து அனுப்புவது வழக்கம். பதிவு வேலை என் பொறுப்பு. திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அறை, ஒரு கண்டென்சர் மைக், இரண்டு சானல் யூஎஸ்பி சவுண்ட் கார்டு, ஒரு லேப்டாப், இவ்வளவுதான் எங்கள் ஸ்டுடியோ. யூஎஸ்பி கார்டு வருவதற்கு முன் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த சவுண்ட் கார்டிலேயே ரொம்ப நாள் ஓட்டினோம். இரண்டிலும் வேலை செய்து பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன். பத்தாயிரம் ரூபாய் மைக்கில் லெவல் தப்பாக வைத்துப் பதிந்ததைவிட, சாதாரண மைக்கில் லெவல் சரியாக வைத்துப் பதிந்தது கேட்க நன்றாக இருக்கும். அந்த லெவலை வைக்க வேண்டிய இடமும் ஒன்றே ஒன்றுதான்.

குரல் மைக்கிலிருந்து ஃபைலுக்குப் போகும் வழியை முதலில் பார்த்துவிடலாம். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது, சில மில்லிவோல்ட் அளவுதான். அதைப் பெரிதாக்குவது கார்டுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப். நாம் திருகும் கெயின் குமிழ் அதனுடையது. பெரிதான சிக்னலை அடுத்த சிப் எண்களாக மாற்றுகிறது. அப்புறம் டிரைவர், விண்டோஸின் லெவல் ஸ்லைடர், ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் ஸ்லைடர் என்று வரிசையாகத் தாண்டி ஃபைலில் போய் உட்காருகிறது. கூட்டவும் குறைக்கவும் வழியில் இத்தனை இடங்கள் இருப்பதால்தான் ஆளாளுக்கு ஒவ்வொன்றைத் திருகிக் குழம்புகிறார்கள். ப்ரீஆம்பில் அளவு மீறி உடைந்த ஒலியை அதற்குப் பின்னால் எந்த ஸ்லைடராலும் ஒட்டவைக்க முடியாது. ப்ரீஆம்பில் மிகக் குறைவாக வாங்கிவிட்டு ஸ்லைடரில் ஏற்றினால், குரலோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். ஆகவே முதல் குமிழில் அளவைச் சரியாக வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கூட்டவும் இல்லாமல் குறைக்கவும் இல்லாமல் நடுநிலையில் விட்டுவிட வேண்டும்.

தவில் கற்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், கோயில் கச்சேரி ஒன்றில் மிக்ஸரிலிருந்து நேராக லேப்டாப்பில் பதிந்த ஃபைலை அனுப்பி, "அண்ணா, ஏன் இப்படிக் கரகரன்னு இருக்கு? லெவலைப் பாதியாக் குறைச்சுதான் வச்சேன்" என்று கேட்டான். ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அலைகளின் தலை எல்லாம் ரம்பத்தால் அறுத்த மாதிரி தட்டையாக இருந்தது. ஆனால் அந்தத் தட்டை மேல் விளிம்பில் இல்லை, பாதி உயரத்திலேயே நின்றது. மீட்டரில் மேல் விளிம்புதான் 0, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். அதைப் பார்த்தால் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டவே இல்லை. மீட்டரை மட்டும் நம்புகிறவருக்கு இந்தப் பதிவு ரொம்பப் பத்திரமானதாகத் தெரியும். நடந்தது என்னவென்றால், மிக்ஸரின் லைன் அவுட்டை மைக் ஜாக்கில் செருகியிருக்கிறான். ப்ரீஆம்பிலேயே ஒலி உடைந்துவிட்டது. உடைந்த அந்த ஒலியை விண்டோஸ் ஸ்லைடர் பாதியாகக் குறைத்து, உடைந்தபடியே ஃபைலில் சேர்த்திருக்கிறது.

அலை தட்டையாக இருந்து அது 0 டெசிபலுக்குக் கீழேயே நின்றால், தவறு சாஃப்ட்வேருக்கு முன்னால் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் சாஃப்ட்வேர் ஸ்லைடரைக் குறைத்து இன்னொரு முறை பதிந்து பாருங்கள். தட்டை அப்படியே இருந்து உயரம் மட்டும் குறைந்தால், பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் பிங்க் நிற ஜாக் மைக்குக்கு, நீல நிற ஜாக் லைன் இன்புட்டுக்கு, வெளிர்பச்சை ஸ்பீக்கருக்கு. வீட்டு டேப் ரெக்கார்டர், டிவிடி பிளேயர் போன்றவற்றின் லைன் அளவு மூன்றில் ஒரு வோல்ட்டுக்கு அருகில் இருக்கும். தொழில்முறை மிக்ஸர்களில் அது 1.2 வோல்ட்டுக்குச் சற்று மேல். சில மில்லிவோல்ட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பிங்க் ஜாக்கில் அதைச் செருகினால் நூறு மடங்குக்கு மேல் அதிகமாகப் போகும், அதாவது 40 டெசிபலுக்கும் மேல். எந்தச் சாஃப்ட்வேரும் அதைத் தாங்காது. இப்போது வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ஹெட்போனும் மைக்கும் சேர்ந்த ஒரே ஜாக்தான் இருக்கிறது, லைன் இன்புட் என்பதே கிடையாது. மிக்ஸரிலிருந்து பதிய வேண்டுமென்றால் லைன் இன்புட் உள்ள யூஎஸ்பி கார்டு ஒன்றை வாங்கிவிடுவதுதான் வழி. அந்தக் கார்டிலும் மைக், லைன், கித்தார் என்று தேர்வு செய்யும் சுவிட்ச் இருந்தால், செருகும் முன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் போய் சவுண்ட் திறந்து, ரெக்கார்டிங் பகுதியில் உங்கள் மைக்கின் ப்ராபர்ட்டீஸ் போனால் லெவல்ஸ் என்ற பக்கம் வரும். உள்ளே இருக்கும் கார்டு என்றால் அங்கே மைக்ரோபோன் என்று ஒரு ஸ்லைடர், மைக்ரோபோன் பூஸ்ட் என்று இன்னொன்று. பூஸ்ட் என்பது 10, 20, 30 டெசிபல் என்று படிப்படியாக ஏறுவது. 30-ல் வைத்தால் காற்று வீசுகிற மாதிரி ஓர் இரைச்சல் கண்டிப்பாக வரும். மைக்கைக் கொஞ்சம் அருகில் கொண்டுவந்து 10-ல் சமாளிக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்லைடருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணின் மேல் வலது கிளிக் செய்தால் அதை டெசிபலுக்கு மாற்றிக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. சில கார்டுகளில் 100 என்பது 0 டெசிபல் இல்லை, அதற்கு மேலே போய்விட்டிருக்கும். டெசிபலில் பார்த்து 0-க்குக் கொண்டுவந்தால் அதுதான் நடுநிலை. யூஎஸ்பி கார்டு என்றால் இந்த ஸ்லைடரை 0 டெசிபலில் விட்டுவிட்டுக் கார்டின் குமிழை மட்டும் பயன்படுத்துங்கள். ஆடாசிட்டி போன்ற சாஃப்ட்வேர்களின் ரெக்கார்டிங் ஸ்லைடரையும் அதே நடுநிலையில் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

அதே ஜன்னலில் இன்னும் சில இடங்களைக் கவனிக்க வேண்டும். என்ஹான்ஸ்மெண்ட்ஸ் என்ற பக்கம் இருந்தால் நாய்ஸ் சப்ரெஷன், எக்கோ கேன்சலேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஏற்ற இறக்கம் இல்லாமல் நீளும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். கர்நாடக சங்கீதத்தில் நீளும் ஒலிக்கு எங்கே போவது? தம்புரா முழுக்க முழுக்க அதுதான். அக்கா பஞ்சமத்தில் ஒரு கார்வை கொடுத்து நிற்கும்போது, அது மெல்ல மெல்லத் தேய்ந்து மறைவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். மூச்சு குறைந்துவிட்டதோ என்று அவரும் சந்தேகப்பட்டார். மூச்சில் ஒரு குறையும் இல்லை. ஆன்லைன் வகுப்புக்குப் பயன்படுத்தும் மீட்டிங் செயலிகள் சிலவும் இந்த வேலையைச் செய்யும். அதோடு மைக் லெவலைத் தாமாகவே ஏற்றி இறக்கவும் செய்யும். காலையில் வகுப்பு முடித்துவிட்டு மதியம் பதிய உட்கார்ந்தால், நாம் வைத்த ஸ்லைடர் வேறு இடத்தில் நிற்கும். செயலியின் ஆடியோ அமைப்பில் தானியங்கி லெவல் என்பதை எடுத்துவிட வேண்டும். பதியும்போது அந்தச் செயலியை முழுதாக மூடியும் வைக்க வேண்டும்.

முதலில் திறந்த சவுண்ட் ஜன்னலிலேயே கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கத்தில், அழைப்பு வரும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு இருக்கும். அதையும் ஒன்றும் செய்யாதே என்று மாற்றிவிடலாம். மைக் ப்ராபர்ட்டீஸின் அட்வான்ஸ்டு பக்கத்தில் சாம்பிள் ரேட் (ஒரு விநாடிக்கு ஒலியை எத்தனை முறை அளப்பது) 44,100 அல்லது 48,000 என்று எதை வைக்கிறீர்களோ அதையே சாஃப்ட்வேரிலும் வையுங்கள். இது லெவல் விஷயம் இல்லைதான். ஆனால் ஒன்றில் பதிந்ததை இன்னொன்றாக நினைத்து ஒலிக்கவிட்டால் சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை ஏறியோ இறங்கியோ போகும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸில் ஆல்சாமிக்ஸர் என்ற லெவல் வைக்கும் நிரலைத் திறந்து எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுத்து, எஃப்4 அழுத்தினால் கேப்சர் பக்கம் வரும். அங்கேயும் பூஸ்ட் இருக்கும். அதே விதிதான்.

இனி குமிழுக்கு வருவோம். பாடுகிறவரிடம் "டெஸ்ட்டுக்குக் கொஞ்சம் பாடுங்க" என்றால், யாராக இருந்தாலும் மத்திய ஸ்தாயியில், அடக்கமான குரலில் இரண்டு வரி பாடுவார்கள். அதைக் கேட்டு லெவல் வைத்தால் சரணம் வரும்போது கண்டிப்பாக உடையும். எங்கள் வழக்கம் வேறு. அக்கா முதலில் கால்மணி நேரம் சாதாரணமாகப் பாடிக் குரலைப் பதப்படுத்திக்கொள்வார். அந்த நேரம் முழுவதும் குமிழைத் தொடுவதில்லை. அப்புறம் அன்றைய பாட்டில் எந்த இடம் மிக உச்சமோ, மேல் ஷட்ஜத்தைத் தாண்டிக் காந்தாரம் வரை போகும் இடம் எதுவோ, அதை மட்டும் முழுக் குரலில் நான்கைந்து முறை பாடச் சொல்வேன். அப்போது மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி குமிழைத் திருகுவேன். உண்மையாகப் பதியும்போது குரல் இன்னும் கொஞ்சம் திறக்கும், பாட்டில் ஆழ்ந்துவிட்டால் நிச்சயம் திறக்கும். அப்போதும் மைனஸ் 6-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பும். 0-க்குப் போகாது.

என் கார்டில் குமிழைச் சுற்றி ஒரு விளக்கு வளையம் இருக்கிறது. ஒலி வந்தால் பச்சை, விளிம்பை நெருங்கினால் ஆரஞ்சு, உடைந்தால் சிவப்பு. வேறு சில கார்டுகளில் சிக் (ஒலி வருகிறது), கிளிப் (உடைகிறது) என்று இரண்டே விளக்குகள் இருக்கும். அந்தச் சிவப்பு ஒரு கணம் மின்னினாலும் அந்த இடத்தை மறுபடி பாடவைப்பது நல்லது. மென்பொருளில் ஒட்டுப்போட முடியும், ஆனால் நல்ல ஹெட்போனில் ஒட்டு தெரியும்.

மைனஸ் 12 என்றால் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கேசட் காலத்துப் பழக்கம் இது. டேப்பில் அடியில் எப்போதும் ஒரு இரைச்சல் உண்டு. அதை மூடுவதற்காக முள்ளைச் சிவப்பு வரை ஏற்றுவார்கள். கொஞ்சம் தாண்டினாலும் டேப் ஒலியை மெதுவாகத்தான் நசுக்கும். டிஜிட்டலில் 0-க்கு மேல் எண்ணே கிடையாது, அங்கே ஒரேயடியாக வெட்டு. அதே சமயம் கீழே நிறைய இடம் இருக்கிறது. ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபல் என்று கணக்கு. சிடியின் 16 பிட் என்றால் 96 டெசிபல், 24 பிட் என்றால் ஏட்டளவில் 144. எந்தக் கார்டும் அந்த 144-ஐத் தருவதில்லை, நல்ல கார்டுகள் 110-ஐ ஒட்டித் தருகின்றன. வீட்டு அறையின் அமைதிக்கு அதுவே தாராளம். 24 பிட்டில் பதியும்போது 12 டெசிபல் இடம் விடுவதால் இரண்டு பிட்தான் போகிறது, காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பதிந்த பிறகு சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொள்ளலாம். 32 பிட் ஃப்ளோட் என்று சாஃப்ட்வேரில் வைத்துவிட்டால் ஒலி உடையவே உடையாது என்று நம்புகிறவர்களும் உண்டு. அது ஃபைலுக்குள் மட்டும்தான் பாதுகாப்பு. கார்டின் சிப்பில் உடைந்து வந்தால் ஃப்ளோட் ஃபைலிலும் உடைந்துதான் இருக்கும்.

அறையின் இரைச்சலை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்ல பழக்கம். குமிழை வைத்த பிறகு யாரும் பேசாமல், அசையாமல் பத்து விநாடி பதியுங்கள். எங்கள் அறையில் ஃபேனை அணைத்தால் மீட்டர் மைனஸ் 60-க்கு அருகில் படுத்துவிடும். ஃபேன் ஓடினால் சட்டென்று எழுந்துவிடும். சித்திரை வெயிலில் திருச்சியில் ஃபேன் இல்லாமல் பாடுவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அதனால் விடிகாலையில் பதிகிறோம். ஆடி மாதம் வந்துவிட்டால் தெருக்கோடி மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். வெறும் சுவர் உள்ள சிமெண்ட் அறையில் எதிரொலியும் சேரும். பாடுகிறவருக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு கனமான போர்வைகளைத் தொங்கவிட்டாலே நல்ல மாற்றம் தெரியும்.

இரைச்சலுக்கு எதிராகக் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் தூரம்தான். இரண்டு சாண் ஒரு முழம். மைக் ஒரு சாண் தள்ளி இருந்ததை ஒரு முழத்துக்கு நகர்த்தினால் குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் விழும். அறை எதிரொலிப்பதால் சற்று முன்பின் இருக்கலாம். விழுந்ததை ஈடுகட்டக் கெயினைக் கூட்டினால் ஃபேனும் தெருவும் கூடவே 6 டெசிபல் ஏறும். ஆகவே குமிழைத் தொடும் முன் தூரத்தை முடிவு செய்துவிட வேண்டும். அக்காவுக்கு ஒரு சாணுக்கும் ஒன்றரைச் சாணுக்கும் இடையில் சரியாக அமைகிறது. அதைவிட நெருங்கினால் கீழ் ஸ்தாயி கனமாகி உப்பிப்போகும், 'ப', 'ப்ர' வரும் இடமெல்லாம் காற்று வந்து மைக்கில் இடிக்கும். பாடும்போது அவர் தாளத்துக்குத் தலையசைப்பார். அதைத் தடுக்கக் கூடாது, பாவமே போய்விடும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று மேலே, மூக்கு உயரத்தில் கீழ்நோக்கி வைத்துவிட்டால் தலை அசைந்தாலும் லெவல் அவ்வளவாக மாறுவதில்லை.

'ம்ம்' என்று அடியில் ஒரு ரீங்காரம் கேட்டால், முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை. சார்ஜர் இல்லாமல் பேட்டரியிலேயே பதிந்துவிடலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது, ஸ்கொயர் வேவ் வகை என்றால் இன்னும் கூர்மையான பிசிறு வரும். அப்போதும் இதே வைத்தியம்தான்.

கேட்கும் அளவு வேறு, பதியும் அளவு வேறு. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஹெட்போனில் குரல் மெல்லியதாகக் கேட்டால் கை தானாகக் கெயின் குமிழுக்குப் போகிறது. திருக வேண்டியது ஹெட்போன் குமிழ். அது ஃபைலை ஒன்றும் செய்யாது. கார்டில் டைரக்ட் மானிட்டர் சுவிட்ச் (கம்ப்யூட்டருக்குப் போகாமல் கார்டிலிருந்தே நேராகக் கேட்க) இருந்தால் அதைப் போட்டுவிட்டு, சாஃப்ட்வேர் வழியாகக் கேட்பதை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும், பாடுகிறவருக்கு லயம் தடுமாறும். தம்புராவை ஹெட்போனில் கொடுத்துப் பாடவைக்கும்போது, பாடகர்கள் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். திறந்த பக்கத்து ஹெட்போனிலிருந்து தம்புரா கசிந்து மைக்கில் விழும். அந்தப் பக்கத்தைக் கன்னத்தோடு ஒட்டி வைக்கச் சொன்னாலே போதும்.

மிருதங்கம் சேரும்போது கணக்கே மாறும். குரலைப் போல மெல்ல ஏறி இறங்காது. சாப்பு விழும் கணத்தில் உச்சம் வந்து போய்விடும், கண் மீட்டரைப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். பீக் ஹோல்டு (தொட்ட உச்சத்தைப் பிடித்துக் காட்டுவது) உள்ள மீட்டரைத்தான் நம்ப வேண்டும். வாசிப்பவரிடம் சாதாரண நடையை வாசிக்கச் சொல்லாமல், தீர்மானத்தின் கடைசி ஆவர்த்தனத்தை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லி, அதில் உச்சம் மைனஸ் 15 அல்லது 18 வரும்படி வைப்பேன். கேட்க மெல்லியதாக இருக்கும், பரவாயில்லை. இரண்டு மைக் வைத்தால் வலந்தலைக்கும் (வலப்பக்கம்) தொப்பிக்கும் (இடப்பக்கம்) தனித்தனியாகக் குமிழ் வைக்க வேண்டும். தொப்பிக்கு ரவை பூசிய பிறகு, சுருதி நன்றாகச் சேர்ந்த பிறகு வைக்க வேண்டும். பூசுவதற்கு முன் வைத்த லெவல் உதவாது.

எல்லாம் சரியாக அமைந்த நாளில், கெயின் குமிழின் கோடு நிற்கும் இடத்துக்கு நேராகக் கார்டின் மேல் ஒரு சிறிய ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். அக்காவுக்குச் சிவப்பு, மிருதங்கத்துக்குக் கறுப்பு. நோட்டில் மைக், தூரம், கட்டை, பாட்டு எல்லாம் ஒரு வரியில் எழுதிவைக்கிறேன். அடுத்த முறை பொட்டுக்கு நேராகத் திருகிவிட்டு உச்சம் வரும் இடத்தை ஒருமுறை சரிபார்த்தால் போதும். முன்னெல்லாம் லெவல் வைப்பதிலேயே குரல் களைத்துவிடும்.

பதிந்து முடித்த பிறகு சத்தத்தை ஏற்றும் வேலை. ஆடாசிட்டியில் நார்மலைஸ் (உச்சத்தைக் குறித்த அளவுக்கு ஏற்றுவது) செய்யும்போது மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துவேன். எம்பி3 போன்ற சுருக்கிய வடிவத்துக்கு மாறும்போது உச்சம் கொஞ்சம் தாவும், அதற்கு அந்த இடம் வேண்டும். யூடியூபில் ஏற்றுவதென்றால் அளவுக்கு மீறி அமுக்கிச் சத்தமாக்குவதில் பயனில்லை. மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு முழுவதும் காதுக்குச் சராசரியாகக் கேட்கும் சத்தத்தின் கணக்கு) அளவைத் தாண்டியதை அது குறைத்துத்தான் ஒலிக்கவிடும். அமுக்கியதால் போன நளினம் திரும்பி வராது. ராகம் பாடும்போது மெல்லிய இடம் மெல்லியதாகவே கேட்கட்டும். பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாகுமெண்ட்டாக அனுப்புகிறேன், ஃபைல் மாறாமல் அப்படியே போய்ச் சேரும். மூல ஃபைலை 24 பிட் வேவ் வடிவத்திலேயே தனி ஹார்ட் டிஸ்க்கில், தேதியும் ராகமும் பெயரில் வரும்படி எடுத்து வைக்கிறேன்.